களிமண் உருண்டையில் ஆர்க்கிட்: வேர் ஏன் கறுத்தது?

கேள்வி: பூவோடு வாங்கிய ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டை, பூ உதிர்ந்ததும் பாசியிலிருந்து (ஸ்பேக்னம் மாஸ்) எடுத்து லெகா எனும் சுட்ட களிமண் உருண்டைக்கு மாற்றி ஆறு மாதம் ஆகிறது. அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். போர்வெல் தண்ணீர், 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு). வேர் கறுத்து, இலை துவண்டுவிட்டது. மறுபடி பூக்கவும் இல்லை. (மதுரை வாசகர்)

இலை துவண்டதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள். தண்ணீர் இருக்கிறது, குடிக்கத்தான் வேர் இல்லை.

பாசியில் வளர்ந்த வேர், நனைந்து காய்ந்து பழகியது. எந்நேரமும் ஈரம் என்றால் அதற்கு மூச்சு முட்டும். முதிர்ந்த வேர் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளாது. இடம் மாற்றினால் பெரும்பாலும் செத்துப்போகும். உருண்டைக்குள் புதிதாக இறங்கி வளரும் வேர்தான் அங்கே நிலைக்கும். அதனால் அடித்தண்டில் பச்சை நுனியோடு புது வேர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் எட்டிப்பார்க்கும்போதுதான் மாற்ற வேண்டும். பூ உதிர்ந்த கையோடு மாற்றியதுதான் இங்கே நடந்த தவறு.

இப்போது செடியை வெளியே எடுங்கள். விரலால் அழுத்தினால் கூழாகிற வேர்களை, நெருப்பில் காட்டிய கத்தரியால் வெட்டுங்கள். கெட்டியான வேர் பழுப்பாக இருந்தாலும் விட்டுவிடலாம். லவங்கப்பட்டைத் தூளை வெட்டிய வாயில் மட்டும் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும்.

தொட்டி 9 முதல் 12 சென்டிமீட்டர் அகலம் போதும். அடியில் ஓட்டை கூடாது. பக்கவாட்டில், அடியிலிருந்து 2.5 சென்டிமீட்டர் உயரத்தில், சூடான ஆணியால் இரண்டு ஓட்டை போடுங்கள். அதற்குக் கீழே நிற்பதுதான் தண்ணீர் இருப்பு. அதை உருண்டைகள் மேலே உறிஞ்சித் தரும். உருண்டை 8 முதல் 16 மில்லிமீட்டர் இருக்கட்டும். செம்மண் கலங்கல் நிற்கும்வரை கழுவி, ஒரு நாள் ஊறவையுங்கள். செடியின் கழுத்து (இலையும் வேரும் சேரும் இடம்) உருண்டைக்கு மேலே தெரிய வேண்டும். செடி ஆடினால் புது வேரின் நுனி உராய்ந்து நின்றுவிடும், குச்சி நட்டுக் கட்டுங்கள். புது வேர் கீழே இறங்கும்வரை அடியில் தண்ணீர் தேக்க வேண்டாம். அதுவரை உருண்டையை நனைத்து வைத்தாலே போதும்.

பிறகு ஒவ்வொரு முறையும் மேலிருந்து தாராளமாக ஊற்றி, ஓட்டை வழியே வழியவிடுங்கள். பழைய உப்பு வெளியேறும், புதுக் காற்றும் உள்ளே இழுபடும். கொஞ்சமாக ஊற்றி இருப்பை மட்டும் நிரப்பினால், மேல் உருண்டையில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதில் தொடும் வேர் நுனி கருகும். போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பின் அளவு) 200-ஐத் தாண்டினால் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கலந்து குறையுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆர்க்கிட்டுக்கு மட்டும் வேண்டாம்.

19:19:19 உரத்தில் தழைச்சத்தின் பாதிக்கு மேல் யூரியா. அதைச் சிதைத்துத் தரும் நுண்ணுயிர் களிமண் உருண்டையில் குறைவு. கால்சியமும் அதில் கிடையாது. எனவே 10 லிட்டர் வாளிக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட், 2.5 கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து ஒருமுறை. அடுத்த முறை 5 கிராம் 19:19:19. மூன்றாம் முறை வெறும் தண்ணீர். கால்சியம் நைட்ரேட்டையும் 19:19:19-ஐயும் ஒன்றாகக் கெட்டியாகக் கரைத்தால் வண்டல் படியும், சத்து வீண். புது வேர் தெரியும்வரை இதில் பாதி அளவு போதும்.

பூ விஷயத்தில் உருண்டையைக் குறை சொல்ல முடியாது. ஃபலனாப்சிஸ் பூத்தண்டு விட, வெப்பநிலை 25 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகள் நான்கைந்து வாரமாவது தொடர வேண்டும்; பகலும் கொதிக்கக் கூடாது. மதுரையில் அதற்கு வாய்ப்புள்ள காலம் மார்கழி, தைதான். அப்போது செடியை அறைக்குள் வைக்காமல், காற்றோடும் பால்கனியில் நிழல்வலைக்கடியில் வையுங்கள். இலை கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை, வெளிர் பச்சை சரி, சிவப்போடினால் அதிகம். கொடைக்கானலில் இருப்பவர்களுக்குச் சிக்கல் நேர்மாறு: குளிரில் ஈர உருண்டை வேரைச் சில்லிட வைக்கும்.

துவண்ட செடியை இந்த ஆண்டு பூக்கவைக்க முயல வேண்டாம். நான்கு நல்ல வேர், ஒரு புது இலை வந்தபிறகு பார்க்கலாம். சமவெளி வெயிலுக்குப் பூதான் முக்கியம் என்றால் டென்ட்ரோபியம் சோனியா என்ற ஆர்க்கிட் வாங்குங்கள், அதற்குக் குளிர் தேவையில்லை. ஃபலனாப்சிஸ்தான் வேண்டும் என்றால், இலைக்கக்கத்தில் முளை தெரியும்போது நுனியைப் பாருங்கள். உருண்டு பளபளத்தால் வேர். தட்டையாக, ஒரு பக்கம் பிளவுபட்டதுபோல் கூராக இருந்தால் பூத்தண்டு. அன்றிலிருந்து தொட்டியைத் திருப்பாதீர்கள். திருப்பினால் தண்டு ஒளியைத் தேடி வளைந்து, மொட்டுகள் திசைமாறி நிற்கும்.