பட்டனை அமுக்குனா ஃபேன் சுத்துது, படம் வரல!
(கம்ப்யூட்டர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்க வீட்ல இருக்கறது 2016ல வாங்குன டெஸ்க்டாப். ரெண்டு வாரமா மழை, யாரும் அதை தொடவே இல்ல. நேத்து ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா மானிட்டர்ல ‘நோ சிக்னல்’னு வந்துட்டு அணைஞ்சிடுது. கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டேன், மதர்போர்டு போயிருக்கும், இந்த மாடலுக்கு போர்டு கிடைக்காது, புதுசா வாங்கிடுங்கன்னுட்டார். பொண்ணு கல்யாண போட்டோ மொத்தமும் அதுக்குள்ளதான், வேற எங்கயும் காப்பி இல்ல. என்ன பண்றது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, போட்டோ இருக்கறது ஹார்ட் டிஸ்க்ல, கடைக்காரர் செத்துப்போச்சுன்னு சொல்றது மதர்போர்டை, அதாவது எல்லா பாகத்தையும் சேக்குற பெரிய பலகையை. அவர் சொன்னது நிஜமாவே இருந்தாலும் டிஸ்கை கழட்டி, சாட்டா டூ யூஎஸ்பி கேபிள் (டிஸ்கை யூஎஸ்பி ஓட்டையில சொருக வைக்கிறது) வாங்கி வேற கம்ப்யூட்டர்ல மாட்டுனா போட்டோ இருந்த மாதிரியே இருக்கும். ஒண்ணே ஒண்ணு, டெஸ்க்டாப்ல இருக்கற பெரிய 3.5 இன்ச் டிஸ்குக்கு தனியா 12 வோல்ட் அடாப்டரோட வர்ற கேபிள் வேணும், லேப்டாப் டிஸ்குக்கு விக்கிற சின்ன கேபிள்ல இது ஓடாது, கடையில கேக்கும்போதே சொல்லிடுங்க. அதனால அழுகைய நிறுத்திட்டு மெஷினை பாப்போம்.

போன்ல விவரம் கேட்டுட்டு போர்டு போச்சுன்னு தீர்ப்பு சொல்றது, ஆளையே பாக்காம ஆபரேஷனுக்கு தேதி குறிக்கிற மாதிரி. பட்டனை அமுக்குனதும் நடக்கறது இதுதான்: கரண்ட் சரியா வருதுன்னு எஸ்எம்பிஎஸ் (உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் பிரிச்சு குடுக்கற டப்பா) சிக்னல் குடுக்கும், ப்ராசஸர் முழிச்சு போர்டுல ஒரு சிப்ல இருக்கற பயாஸை (மெஷினை எழுப்பி விடற குட்டி ப்ரோக்ராம்) படிக்கும், பயாஸ் ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படற மெமரி) இருக்கான்னு பாக்கும், அப்புறம் படம் காட்டுற கார்டு, அதுக்கும் அப்புறம்தான் டிஸ்க், விண்டோஸ் எல்லாம். ரேம் கிடைக்கலன்னா வரிசை அங்கயே நின்னுடும், படமே வராது, ஃபேன் மட்டும் பாட்டுக்கு சுத்திக்கிட்டு இருக்கும். உங்க வீட்ல நடக்கறது அச்சு அசலா இது. ஈரமான காத்து, ரெண்டு வாரம் போடாத மெஷின்னு வேற சொல்றீங்க, எனக்கு சந்தேகம் ரேம் மேலதான்.

முதல்ல மானிட்டர் கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டுங்க. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா கேபிள் அந்த கார்டுலதான் போகணும், மேல போர்டுல இருக்கற ஓட்டையில இல்ல (வீடு தொடைக்கும்போது கழட்டி மாத்தி சொருகிட்டு வந்தவங்க நிறைய பேரு). அதுல தீரலன்னா சுவிட்சை அணைச்சு பவர் கார்டை பின்னாடி இருந்து உருவிட்டு, பவர் பட்டனை ஒரு முப்பது செகண்ட் அமுக்கியே பிடிங்க, உள்ள மிச்சம் நிக்கிற கரண்ட் வடிஞ்சிடும். இப்போ பக்கவாட்டு தகடை கழட்டுங்க. உள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி கேபினெட்டோட பெயிண்ட் இல்லாத இரும்புல ஒரு தடவை கைய வைங்க, உடம்புல இருக்கற ஸ்டாட்டிக் போயிடும்.

ப்ராசஸர் ஃபேனுக்கு பக்கத்துல நெட்டா சுமார் 13 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சை பட்டை சொருகி இருக்கும், அதான் ரேம். ரெண்டு முனையிலயும் இருக்கற வெள்ளை கிளிப்பை வெளிப்பக்கமா தள்ளுனா தானா எழும்பி வரும். அடியில பல்லு வரிசை மாதிரி தங்க நிறத்துல கோடு கோடா இருக்கும், கிட்ட வச்சு பாருங்க, பளபளப்பு போய் மங்கலா ஒரு படலம் தெரிஞ்சா அதுதான் வில்லன். பேரப்புள்ள பென்சில் பாக்ஸ்ல இருக்கற வெள்ளை ரப்பரால ரெண்டு பக்கமும் மெதுவா தேய்ங்க, ரப்பர் தூளை காஞ்ச துணியால தட்டிடுங்க. உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, அந்த பூச்சு ரொம்ப மெல்லிசு, போச்சுன்னா போச்சுதான். ஸ்லாட் உள்ள இருக்கற தூசியை காஞ்ச பெயிண்ட் பிரஷ்ல தட்டுங்க, வாயால ஊதாதீங்க, எச்சில் போகும். திருப்பி மாட்டும்போது ரேம்ல ஒரு வெட்டு இருக்கும், அது நடுவுல இல்லாம ஒரு பக்கமா தள்ளி இருக்கும், ஸ்லாட்ல இருக்கற மேட்டோட அது ஒத்துப் போகணும். ரெண்டு கட்டை விரலாலயும் முனையில அமுக்குங்க, ‘டக்’னு கிளிப் தானா மூடணும். முதல் தடவை செய்றவங்க பயந்துக்கிட்டு பாதியில விட்டுடுவாங்க, கொஞ்சம் அழுத்தம் குடுக்கத்தான் வேணும். ரெண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணா மாட்டி, ஸ்லாட்டையும் மாத்தி பாருங்க.

அப்பவும் வரலன்னா ரேம் எல்லாத்தையும் எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. போர்டுல குட்டி ஸ்பீக்கர் இருந்து ‘பீங் பீங்’னு கத்துச்சுன்னா சந்தோஷப்படுங்க, ரேம் இல்லன்னு அழறதுக்கு போர்டுக்கும் ப்ராசஸருக்கும் உயிர் இருக்குன்னு அர்த்தம். ஸ்பீக்கர் இருந்தும் சத்தமே இல்லன்னா அப்போ கடைக்காரர் சொன்னது சரியா இருக்கலாம், டிஸ்கை மட்டும் கழட்டி வீட்ல வச்சுட்டு மிச்சத்தை எடுத்துட்டு போங்க.

கேள்வி: அண்ணே, ஆன் பண்ணா கருப்பு ஸ்க்ரீன்ல ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’னு வருது. பயாஸ்ல பாத்தா தேதியும் ஏதோ பழைய வருஷம் காட்டுது. ஃபார்மட் பண்ணிடலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான்.
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, ஃப்ரெண்டை கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. முதல்ல சொருகி இருக்கற பென்டிரைவ் எல்லாத்தையும் புடுங்கிட்டு பாருங்க, பாதி நேரம் மெஷின் அதுலதான் விண்டோஸை தேடிக்கிட்டு நிக்கும். ஆனா தேதி பின்னாடி போயிருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பதில் இருக்கு. போர்டுல ஒரு ரூபா காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துச்சுன்னா பயாஸ்ல பண்ணி வச்ச செட்டிங் எல்லாம் மறந்து ஃபேக்டரில வந்த மாதிரி ஆயிடும். வாட்ச் கடையிலயே கிடைக்கும், புதுசு போட்டுட்டு, ஆன் பண்ணும்போது டெலிட் இல்லன்னா எஃப்2 தட்டி பயாஸ் உள்ள போய் தேதியை சரி பண்ணுங்க. டிஸ்க் பேரு லிஸ்ட்ல தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா பூட் மோடு (விண்டோஸை எந்த முறையில எழுப்பணும்ங்கற செட்டிங்) மாறியிருக்கும், விண்டோஸ் யூஇஎஃப்ஐங்கற புது முறையில போட்டதுன்னா அதுல வைங்க, பழைய முறையில போட்டதுன்னா லெகசி. எதுன்னு ஞாபகம் இல்லன்னா ரெண்டையும் மாத்தி மாத்தி பாருங்க, டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. சாட்டா மோடு (டிஸ்கோட போர்டு பேசுற முறை) மாறியிருந்தா ஸ்டார்ட் ஆகி பாதியில நீல ஸ்க்ரீன் வரும், அதையும் ஏஎச்சிஐ, ரெய்டு, ஐடிஇன்னு முன்னாடி இருந்த இடத்துக்கு கொண்டு வரணும். டிஸ்க் பேரே தெரியலன்னா சாட்டா கேபிளை மாத்தி, வேற போர்ட்ல சொருகி பாருங்க.

கேள்வி: டிஸ்க்ல ‘டக்… டக்… டக்’னு சத்தம் வருது, சில நேரம் ஓப்பன் ஆகுது, சில நேரம் ஆகல.
– வாசகர், வேலூர்

பதில்: அணைங்க. ஓப்பன் ஆகுற அடுத்த தடவை பாட்டு கேக்காம, செக் டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் சோதனை) ஓட்டாம, முக்கியமானதை மட்டும் முதல்ல காப்பி எடுங்க. ஓப்பனே ஆகலன்னா திரும்பத் திரும்ப ஆன் பண்ணி பாக்காதீங்க, உள்ள டேட்டாவை படிக்கிற ஹெட், டேட்டா இருக்கற வட்டத் தட்டை கீறிக்கிட்டு இருக்கலாம். டேட்டா ரெகவரி ஆளுங்ககிட்ட குடுங்க, செலவு ஜாஸ்திதான், டேட்டா அந்த விலை பெறுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

கேள்வி: அப்டேட் ஆச்சு, அதுல இருந்து ‘ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’னே சுத்திக்கிட்டு இருக்கு. மெஷினே போச்சா?
– வாசகர், கோவை

பதில்: மெஷின் நல்லாத்தான் இருக்கு, விண்டோஸ்தான் தடுக்கி விழுந்திருக்கு. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, கிரவுட்ஸ்ட்ரைக்ங்கற கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனி அனுப்புன ஒரு தப்பான அப்டேட்னால உலகம் பூரா சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்க்ரீன்ல நின்னுச்சு, ஏர்போர்ட்ல கையால போர்டிங் பாஸ் எழுதிக் குடுத்தாங்க. ஒரு ஸ்க்ரூ கூட கழட்ட வேண்டி வரல, சேஃப் மோடுல (விண்டோஸ் அவசியமானதோட மட்டும் ஓடுற நிலை) போய் ஒரு ஃபைலை அழிச்சதும் எழுந்துடுச்சு. நீங்க அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் குடுத்து கடைசியா வந்த குவாலிட்டி அப்டேட்டை எடுங்க. அதுலயும் வரலன்னா சிஸ்டம் ரீஸ்டோர், விண்டோஸை முன்னாடி நல்லா இருந்த ஒரு நாளுக்கு திருப்பிடும். நடுவுல 48 இலக்க பிட்லாக்கர் கீ (டிஸ்குக்கு விண்டோஸ் போட்ட பூட்டோட சாவி) கேட்டா பயப்படாதீங்க, போன்ல உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி பாருங்க, பெரும்பாலும் அங்கதான் சேவ் ஆகியிருக்கும். அந்த கீ கையில இல்லாம யாரையும் விண்டோஸை ரீசெட் பண்ண விடாதீங்க.

கேள்வி: பட்டனை அமுக்குனா ஒண்ணுமே இல்ல. லைட் இல்ல, ஃபேன் இல்ல, சத்தம் இல்ல.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அதே ப்ளக்ல செல்போன் சார்ஜரை போட்டு கரண்ட் வருதான்னு பாருங்க. வந்தா எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்கற சின்ன சுவிட்சை பாருங்க, அப்புறம் மானிட்டரோட பவர் கார்டை கழட்டி சிபியூல மாட்டி பாருங்க. முன்னாடி பட்டனே தேஞ்சு போயிருக்கவும் சான்ஸ் உண்டு, போர்டுல பவர் சுவிட்ச் வயரை உருவிட்டு அந்த ரெண்டு பின்ல ரீசெட் பட்டன் வயரை சொருகுங்க, ரீசெட்டை அமுக்குனா ஆன் ஆச்சுன்னா பட்டன்தான் கோளாறு, அப்படியே வச்சுக்கிட்டு ஓட்டலாம். இது எதுவும் இல்லன்னா எஸ்எம்பிஎஸ் மாத்தணும். அந்த டப்பாவை மட்டும் நீங்களா திறக்காதீங்க, ப்ளக்கை உருவுன பின்னாடியும் உள்ள கெப்பாசிட்டர்ல ஷாக் அடிக்கிற அளவுக்கு கரண்ட் நிக்கும். எங்க பக்கத்து வீட்ல இதே மாதிரி ஒரு நாள் செத்த எஸ்எம்பிஎஸ்ஸை மெக்கானிக் திறந்து காட்டுனார், பின்னாடி ஃபேன் ஜாலி வழியா உள்ள போன பல்லி ஒண்ணு காஞ்சு கருவாடா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.