இயற்கையை மனிதன் மாற்றிய கதையைத் துணிக்கலையில் சொல்ல முடியுமா? நீலகிரியில் எங்கிருந்து தொடங்கலாம்?

தாராளமாக முடியும். கோத்தகிரியில் சாயமும் தையலும்தான் என் வேலை. இந்த மலையின் கதைக்குத் துணிதான் சரியான இடம் என்று நம்புகிறேன், ஏனென்றால் மலை இப்படி மாறியதில் துணிக்கும் பங்கு உண்டு.

இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை, கற்பூர மரம் (யூகலிப்டஸை இங்கே அப்படித்தான் சொல்வோம்), சீகை மரம் (வாட்டில் மரம், சீயக்காய் அல்ல). மூன்றுமே வெளியிலிருந்து வந்தவை. கற்பூர மரத்தையும் சீகையையும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விறகுக்காக நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது இன்னும் பெருகியது. சீகைப் பட்டை தோல் பதனிடப் போனது. மரம், மலைக்குக் கீழே சிறுமுகையில் இருந்த ரேயான் ஆலைக்குப் போய், கூழாகி, நூலானது. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதி வைத்துவிட்டு அதில் மரம் நட்டார்கள். சோலை என்கிற மலைக்காடும் புல்லும் சேர்ந்துதான் ஓடைகளுக்குத் தண்ணீர் தந்தன என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அதனால் மலையைப் படமாகத் தைக்க வேண்டாம். பொருளையே பேச விடுங்கள். அடித்துணிக்கு ரேயான் எடுக்கலாம். பருத்தித் துணியைச் சீகைப் பட்டைச் சாற்றில் ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி கிடந்த தண்ணீரில் முக்கினால் கருஞ்சாம்பல் நிறம் வரும். பட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து தருகிற நிறம் அது. கற்பூர இலையைக் கம்பளித் துணியில் சுருட்டிக் கட்டி ஆவியில் வேகவைத்தால் இலையின் அச்சு பழுப்பாக விழும். பட்டையைத் தனியார் தோட்டத்தில் வெட்டிப்போட்ட மரத்திலிருந்து கேட்டு வாங்குங்கள், காட்டுக்குள் போகாதீர்கள்.

தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூவேலைப் போர்வையான பூத்துக்குளியை அவசியம் பாருங்கள். வரைந்துகொள்ளாமல், வெள்ளைத் துணியின் இழையை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் போடும் வேலை. அந்தத் துணியே சமவெளி நெசவாளர்களிடமிருந்து மேலே வந்ததுதான். ஆக, இந்தக் கலையிலும் மலைக்கு வெளியே உள்ள உலகம் எப்போதும் இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கோலங்களை எடுத்து உங்கள் படைப்பில் போடாதீர்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது. பிடித்திருந்தால் அவர்களிடமே சொல்லித் தைக்கச் சொல்லுங்கள், உரிய கூலி கொடுங்கள், அவர்கள் பெயரையும் போடுங்கள்.

அப்புறம், எந்தச் சாயத்தையும் முதலில் சின்னத் துண்டில் போட்டுப் பாருங்கள். பருத்தியில் வரும் நிறம் கம்பளியில் வராது.