குற்றம் நாக்கிலா, மைக்கிலா?
ஜெர்மன் மொழி ஆசிரியை பதில் அளிக்கிறார்

கேள்வி: வணக்கம் மேடம். நாகர்கோவிலில் செவிலியராக இருக்கிறேன். ஜெர்மனி செல்வதற்காக ஜூம் வகுப்பில் ஜெர்மன் மொழியின் ‘பி1’ என்ற இடைநிலைப் பாடம் படிக்கிறேன். ‘நான்’ என்று பொருள்படும் ‘இஹ்’ என்ற சொல்லைச் சரியாகத்தான் சொல்கிறேன். ஆசிரியருக்கோ ‘இஷ்’ என்று கேட்கிறதாம். சென்னைக்குப் போய் நேரில் படித்தால்தான் சரிப்படுமா?

பதில்: டிக்கெட் எடுக்க அவசரப்படாதீர்கள் அம்மா. அந்தச் சொல்லைப் போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு அனுப்புங்கள். அதில் சரியாகக் கேட்டால் நாக்கு நிரபராதி.

‘இஹ்’ என்பதன் கடைசி மெய்யொலியில் குரலே கிடையாது, வெறும் காற்றின் உரசல்தான். இரைச்சலை நீக்கும் மென்பொருள் சில நேரம் அதையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து நறுக்கிவிடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியை இயக்கி, மின்விசிறியை நிறுத்திவிட்டு (அந்தப் புழுக்கத்தில் கொடுமைதான்) பேசிப் பாருங்கள். புளூடூத் இயர்போனைக் கழற்றி வையுங்கள். அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் பலவற்றில் ஒலித்தரம் இறங்கிவிடுகிறது. வயர் வைத்த சாதாரண இயர்போன் போதும்.

பதிவிலும் ‘இஷ்’ என்றே கேட்கிறதா? ‘யாழ்’ என்று சொல்லப் போவதுபோல் நாக்கை வைத்து, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் விடுங்கள். உதடு குவியக் கூடாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுபோய், உதடு குவிவது ஆசிரியருக்குத் தெரியாது.

கேள்வி: என் மகள் சேர்ந்திருக்கும் வீடியோ வகுப்பில் நாற்பது பேர். கட்டணம் குறைவு. பி1 தேர்வுக்கு இது போதுமா? – ஒரு தந்தை, தென்காசி

பதில்: இலக்கணத்துக்குப் போதும் ஐயா, பேச்சுக்குப் போதாது. ஒரு மணி நேரத்தை நாற்பதால் வகுத்தால் தலைக்கு ஒன்றரை நிமிடம், அதுவும் ஆசிரியர் வாயே திறக்காவிட்டால்!

சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் சொல்லும் கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். பேச்சுத் தேர்வு வழக்கமாக இருவர் சேர்ந்து, சுமார் 15 நிமிடம். முதல் வேலையே இருவரும் கலந்து பேசித் திட்டம் போடுவது. எதிரில் இருப்பவர் சொல்வதை மறுக்கத் தெரிய வேண்டும், மாற்று யோசனையும் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

மாணவர்களை இருவர் இருவராகத் தனி அறைகளில் பிரித்துவிடும் வசதி ஜூமிலேயே உண்டு. ஆசிரியர் அதைப் பயன்படுத்துகிறாரா என்று மகளிடம் கேளுங்கள். இல்லையென்றால், தோழி ஒருத்தியோடு தினமும் கால் மணி நேரம் வீடியோவில் ஜெர்மனில் வாதாடச் சொல்லுங்கள். கட்டணத்தில் மிச்சமான பணத்தைத் தேர்வுக்கு முன்பு நாலைந்து பேர் மட்டும் உள்ள பேச்சு வகுப்பில் போடுங்கள். அப்படியும் பேச்சில் தவறினால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.