தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, மீன் ஏன் செத்தது?

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு விடுகிறோம். முற்றத்தில் 12 அடி நீளம், 8 அடி அகலம், மூன்றரை அடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டி 18 கோய் கார்ப் மீன்கள் விட்டோம். குளத்துக்கு ஊற்றுத் தண்ணீர். வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர். தண்ணீர் பச்சையானதும் யு.வி. விளக்கு மாட்டினேன். பத்தே நாளில் அடித்தரை தெரிந்தது. ஆனால் அந்த வாரமே நான்கு மீன்கள் செத்து மிதந்தன. பயந்துபோய் விளக்கை நிறுத்தினேன், மறுபடி பச்சை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஃபில்டரை வாரம் தவறாமல் குழாயடியில் பளிச்சென்று கழுவி வைக்கிறேன். சோதனைக் கிட்டில் அமோனியா 1, காரத்தன்மை 20, பி.ஹெச். காலையில் 6.2, மாலையில் 8.8. ஒருவர் படிகாரம் போடச் சொல்கிறார், இன்னொருவர் மயில்துத்தம் என்கிறார். எதைப் போடட்டும், ஐயா?

பதில்: இரண்டையும் போடாதீர்கள். முதலில் அந்தப் பொட்டலங்களை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

படிகாரம் சேற்றைத்தான் அடியில் உட்காரவைக்கும். அப்படிச் செய்யும்போது தண்ணீரில் இருக்கும் காரத்தன்மையை, அதாவது புளிப்பேறாமல் தாங்கிப்பிடிக்கும் கையிருப்பை, தின்றுவிடும். உங்கள் குளத்தில் இருப்பதே லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான். அதுவும் போய்விட்டால் பி.ஹெச். கிடுகிடுவென்று இறங்கும், தண்ணீர் புளிப்பேறும். மயில்துத்தம் இன்னும் மோசம். அதில் உள்ள செம்பு பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் உப்புச்சத்து இல்லாத மென்மையான தண்ணீரில் அதே செம்பு மீனின் செவுளையும் அரித்துவிடும். சமவெளியில் கிணற்றுத் தண்ணீரில் ஒருவர் போட்டுத் தப்பித்த அளவை மலையில் போட்டால் ஒரு மீனும் மிஞ்சாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பச்சை நிறம் இல்லை, அந்த 20 என்ற எண். நீலகிரிப் பாறை கடினமான கருங்கல். அதன் மேல் வடிந்து வரும் ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. உங்கள் வீட்டுக்குச் சமவெளியிலிருந்து வரும் விருந்தினர்களைக் கேளுங்கள்: சோப்பு கொஞ்சம் தேய்த்தாலே நுரைத்துக் கொட்டுகிறது, எவ்வளவு ஊற்றினாலும் வழவழப்பு போகவில்லை என்பார்கள். அந்த வழவழப்புதான் உங்கள் குளத்தின் பிரச்சினையும்.

எப்படி என்று சொல்கிறேன். மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். ஃபில்டரில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட் ஆகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆகவும் மாற்றும். இந்த வேலைக்கு அவை காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற சுமார் 7 கிராம் காரத்தன்மை போய்விடும். நீங்கள் நாளைக்கு 100 கிராம் தீவனம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஏறக்குறைய 3 கிராம் அமோனியா நைட்ரஜன் வரும், அப்படியானால் 20 கிராம் காரத்தன்மை காலி. உங்கள் குளத்தின் கொள்ளளவு கிட்டத்தட்ட 9,500 லிட்டர். கணக்குப் போட்டால் ஒவ்வொரு நாளும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குறைகிறது. கையிருப்பு 20. பத்து நாள்கூடத் தாங்காது. கையிருப்பு தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும், அமோனியா தேங்க ஆரம்பிக்கும்.

சரி, தண்ணீர் தெளிந்த வாரத்தில் ஏன் மீன் செத்தது? பச்சைப் பாசி கெட்டது என்று நினைக்கிறோம். உங்கள் குளத்தில் அமோனியாவை உறிஞ்சிக்கொண்டிருந்ததே அந்தப் பாசிதான். ஃபில்டர் செய்ய வேண்டிய வேலையை அது செய்துகொண்டிருந்தது. யு.வி. விளக்கு அதைக் கொன்றது. செத்த பாசி அழுகி, அமோனியாவையும் கூட்டி, தண்ணீரில் இருந்த ஆக்சிஜனையும் குடித்துவிட்டது. விளக்கு பாசியைக் கொல்லுமே தவிர அமோனியாவைத் தொடாது. அதனால்தான் தண்ணீர் கண்ணாடியாகி, மீன் மிதந்தது. தெளிந்த தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒன்றில்லை.

பி.ஹெச். காலையில் 6.2, மாலையில் 8.8 என்று ஆடுவதற்கும் அதே கையிருப்புக் குறைவுதான் காரணம். பகலில் பாசி கரியமில வாயுவை இழுப்பதால் பி.ஹெச். ஏறுகிறது, இரவில் அது மூச்சுவிடுவதால் இறங்குகிறது. தாங்கிப்பிடிக்க ஆளில்லை. இதில் ஆபத்து மாலையில். அமோனியாவின் விஷத்தன்மை பி.ஹெச். ஏற ஏறக் கூடும். 20 டிகிரி வெப்பத்தில் பி.ஹெச். 7 என்றால் மொத்த அமோனியாவில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும், 8.8 ஆகும்போது ஏறக்குறைய 20 சதவீதம். அதே தண்ணீர்தான், காலையில் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது, சாயங்காலம் செவுளைச் சுடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று நாள் தீவனம் வேண்டாம். கோய் மூன்று நாள் பட்டினியில் சாகாது. தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அடியில் கிடக்கும் கழிவோடு சேர்த்து உறிஞ்சி எடுங்கள். மலைச்சரிவில் வீடு இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு, மோட்டாரே வேண்டாம், ஹோஸின் ஒரு முனையைக் கீழே இறக்கிவிட்டால் தானாக இறங்கும். ரோஜாச் செடிக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. ஓடையில் மட்டும் விடாதீர்கள்.

அப்புறம் ஆப்ப சோடா. 9,500 லிட்டரில் காரத்தன்மையை 10 மில்லிகிராம் ஏற்ற 160 கிராம் ஆகும். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, காலையில், குளம் முழுக்க ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அமோனியா இருக்கும்போது அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் காலைப் பி.ஹெச்.சும் சட்டென்று ஏறி, இருக்கிற அமோனியாவை விஷமாக்கிவிடும். காரத்தன்மை 80-ஐத் தொடும்வரை, கிட்டில் பார்த்துப் பார்த்து, தினமும் போடுங்கள். கடையில் சலவை சோடாவைக் கொடுத்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்குங்கள். அது வேறு, காரம் மிக அதிகம்.

இது முதலுதவி. நிரந்தர ஏற்பாட்டுக்குக் கிளிஞ்சல் போதும். கோழித் தீவனக் கடையில் முட்டைக் கோழிக்கென்று உடைத்த கிளிஞ்சல் மூட்டையாகக் கிடைக்கும். ஐந்தாறு கிலோவை வலைப்பையில் கட்டி, ஃபில்டரில் தண்ணீர் பாய்கிற இடத்தில் வையுங்கள். தண்ணீர் புளிப்பேறும்போது அது தானாகக் கரைந்து கொடுக்கும், புளிப்பு இறங்கினால் நின்றுவிடும். இவ்வளவு அடக்கமான வேலைக்காரன் வேறு யாரும் கிடைக்க மாட்டார். வழவழப்பாகப் பாசி படிந்தால் எடுத்துத் தேய்த்துப் போடுங்கள்.

இனி அந்தப் பளிச்சென்று கழுவும் பழக்கம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. குடிக்கிற நமக்காகப் போட்டது, ஃபில்டரில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அது விஷம். வாராவாரம் நீங்கள் கழுவி எறிந்தது அழுக்கை அல்ல, ஃபில்டரையே. உங்களைக் குறை சொல்லவில்லை. குன்னூரில் நான் முதன்முதலாகக் குளம் வைத்தபோது, ஊரிலிருந்து உறவினர்கள் வருகிறார்கள் என்று பஞ்சு, கல், பிரஷ் எல்லாவற்றையும் ஒரே நாளில் குழாயில் அலசி வெயிலில் காயவைத்து மாட்டினேன். வந்தவர்கள் பார்க்க ஏழு மீன்கள் மல்லாந்து கிடந்தன.

ஃபில்டரில் இரண்டு வேலைகளைப் பிரித்து வையுங்கள். 200 லிட்டர் நீல டிரம் மூன்று போதும். முதல் டிரம்மில் தண்ணீர் மெதுவாகச் சுழன்று கழிவு அடியில் தங்க வேண்டும். அடியில் ஒரு வால்வு வைத்து இரண்டு நாளைக்கு ஒருமுறை திறந்துவிடுங்கள். இரண்டாவதில் பிரஷ் அல்லது பஞ்சு. இந்த இரண்டையும் அடிக்கடி கழுவலாம், ஆனால் குளத்துத் தண்ணீரில். மூன்றாவது டிரம் நுண்ணுயிர்களின் வீடு. நுண்ணுயிர் ஒட்டி வளரக் கடையில் விற்கும் பயோ மீடியா விலை அதிகம் என்றால் நர்சரியில் போடும் பச்சை நிழல்வலையைச் சுருட்டி அடைத்தாலும் வேலை செய்யும். கிளிஞ்சல் பையும் இதில்தான். இந்த டிரம்மைத் தொடாதீர்கள். அடைப்பு வந்தால் மட்டும் ஒரு பாதியை எடுத்துக் குளத்து நீரில் லேசாக அலசுங்கள், மறு பாதி ஒரு மாதம் கழித்து. புதிய ஃபில்டரில் நுண்ணுயிர் குடியேற சமவெளியில் நான்கு, ஆறு வாரம் என்பார்கள். நம் குளிருக்கு இரண்டு மாதம் பொறுங்கள். அதுவரை தீவனம் ஒரு சிட்டிகை.

பம்ப் இரண்டு மணி நேரத்துக்குள் குளத்துத் தண்ணீர் முழுவதையும் ஒரு சுற்று சுற்ற வேண்டும். உங்களுக்கு மணிக்கு 5,000 லிட்டராவது வந்து விழ வேண்டும். பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவை நம்பாதீர்கள், உயரத்துக்குத் தூக்கத் தூக்கக் குறையும். ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தினால் டிரம்முக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் மூச்சுத்திணறிச் சாகும்.

விடியற்காலையில் உங்கள் மீன்கள் வாய் திறப்பதும் மூச்சுத்திணறல்தான். கோத்தகிரி கிட்டத்தட்ட 6,000 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைவு. குளிர்ந்த தண்ணீர் அதிக ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் என்பதால் ஓரளவு ஈடாகிறது. ஆனால் இரவு முழுக்கப் பாசியும் அதே ஆக்சிஜனில் பங்கு கேட்டால் விடியும்போது ஒன்றும் மிஞ்சாது. ஒரு ஏர் பம்ப் வாங்கி, காற்றுக்கல்லை ஆழத்தில் இறக்கி, இரவும் பகலும் ஓடவிடுங்கள். அதை மட்டும் இன்வெர்ட்டரில் இணையுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாததா? ஆறேழு மணி நேரம் நின்றிருந்தால், பம்ப்பைப் போடும் முன் டிரம்களில் தேங்கிய தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்; அது அப்படியே குளத்தில் பாயக் கூடாது.

தேயிலைத் தோட்டம் பக்கத்தில் என்றீர்களே, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. மழை நாட்களில் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிப்பார்கள். மேலே சொன்ன மயில்துத்தக் கதைதான், நாமாகப் போடாமலே வந்து விழும். மேஸ்திரியிடம் சொல்லி, மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்குத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழைத் தண்ணீர் தோட்டத்திலிருந்து குளத்துக்குள் வழியாதபடி சுற்றிலும் அரை அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். சில்வர் ஓக் இலையை வலை போட்டுத் தடுக்கலாம். ஊறினால் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும், மீனுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. காட்டுமாடு வந்து தண்ணீர் குடிப்பதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

குளிரைப் பற்றிப் பயப்படாதீர்கள், ஹீட்டர் வேண்டாம். கோய் ஜப்பானில் பனி கொட்டும் நீகாட்டாவில் வளர்க்கப்பட்ட மீன். அதற்கு நெருங்கிய சொந்தமான கண்ணாடிக் கெண்டையை 1939-லேயே இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், அதற்கும் இந்தக் குளிர் ஒத்துக்கொண்டது. தீவனத்தை மட்டும் தெர்மாமீட்டர் பார்த்துப் போடுங்கள். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் பாதி, 10-க்குக் கீழே போனால் சுத்தமாக நிறுத்துங்கள். மார்கழி, தையில் விருந்தினர் பிள்ளைகள் பிஸ்கட் போடுவார்கள். ஒரு பலகை எழுதி வைத்துவிடுங்கள்.

அமோனியா பூஜ்ஜியத்துக்கு வந்து இரண்டு வாரம் அப்படியே நின்றால், அன்றைக்கு யு.வி. விளக்கைப் போடலாம். முதல் வாரம் நாளைக்கு நான்கைந்து மணி நேரம் மட்டும், பாசி மெல்ல மெல்லச் சாகட்டும். அந்த நாட்களில் பஞ்சைத் தினமும் அலசுங்கள். நீல வெளிச்சம் தெரிகிறதே என்று பழைய விளக்கையே வைத்திருக்காதீர்கள். ஒரு வருடம் எரிந்தால் வெளிச்சம் இருக்கும், வேலை செய்கிற கதிர் இருக்காது.

அடுத்த கடிதத்தில், செத்த நான்குக்குப் பதில் புதிதாக நான்கு வாங்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒரு கோய்க்கு 1,000 லிட்டர் என்பது கணக்கு. இப்போதிருக்கும் 14-உம் அதிகம். ஒவ்வொன்றும் இரண்டடி வளரக்கூடியது. நாலைந்தை, பெரிய குளம் வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.