டோட்டல் லாஸ் கார்களும் அடையாளச் சோதனையும்: வாசகர் கேள்வி-பதில்

கே: மான்செஸ்டரில் படிக்கும் என் மகன், காப்புறுதி நிறுவனம் டோட்டல் லாஸ் (பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது) என்று கணித்து ‘கேட்டகரி எஸ்’ பிரிவில் ஒதுக்கிய காரை மலிவாக வாங்கவிருக்கிறான். அரசாங்கம் சோதித்த பிறகே சாலைக்கு வந்தது என்கிறார் விற்பவர். நம்பலாமா? (செந்தூல்)

ப: நம்ப வேண்டாம். அவர் சொல்லும் ‘விஐசி’ என்ற அடையாளச் சோதனை பிரிட்டனில் 2003 ஏப்ரலில் தொடங்கி 2015 அக்டோபரில் கைவிடப்பட்டது. ஏறத்தாழ 7 லட்சம் கார்களைப் பார்த்தும், மாற்று அடையாளத்தில் ஓடிய திருட்டுக் கார்கள் 40கூடச் சிக்கவில்லை. ‘எஸ்’ என்ற பிரிவோ அந்தச் சோதனை போன பிறகு, 2017 அக்டோபரில்தான் வந்தது. காரின் கட்டமைப்பே சேதமடைந்தது என்பது அதன் பொருள். பழுதுபார்ப்புக்கு முந்தைய படங்களையும் பட்டறை ரசீதுகளையும் கேட்டு வாங்கி, விற்பவருக்குத் தொடர்பில்லாத பொறியாளர் ஒருவரிடம் காரைக் காட்டிய பிறகே முன்பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கே: பிரிட்டனிலிருந்து வந்த என் பழைய ரீகொன் (பயன்படுத்திய இறக்குமதி) காரின் அந்நாட்டுப் பதிவுப் பத்திரத்தில், விபத்துக்குப் பின் அடையாளம் சரிபார்க்கப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. இது நல்ல சான்றுதானே? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ப: கார் ஒருமுறை நொறுங்கியது என்பதற்கு நல்ல சான்று.

கே: புஸ்பகோமில் (மலேசிய வாகனச் சோதனை நிறுவனம்) பி5 சோதனை ‘பாஸ்’ ஆன காரை வாங்கினேன். மூன்று மாதத்திலேயே ஒரு பக்கமாக இழுக்கிறது. முன்பகுதி வெட்டி வெல்டிங் செய்யப்பட்டிருப்பதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். சோதித்தவர்கள் எப்படி விட்டார்கள்? (கெப்போங்)

ப: இதே கேள்வியை வெவ்வேறு ஊர்ப் பெயர்களோடு பல ஆண்டுகளாக வாசித்துச் சலித்துவிட்டேன். பி5 என்பது பெயர் மாற்றத்துக்கான சோதனை. காரில் பொறிக்கப்பட்டுள்ள சேசிஸ் (சட்டக) எண்ணும் என்ஜின் எண்ணும் கிராண்டில் (காரின் பதிவுப் பத்திரம்) உள்ளவைதாமா, அவற்றை யாரேனும் சுரண்டியோ வெட்டி ஒட்டியோ இருக்கிறார்களா என்பதே அதன் முதன்மையான கவலை. உங்கள் காரின் எண்கள் அசலானவை. ஆகவே அது தேறியது. வெல்டிங் எவ்வளவு ஆழம் பிடித்திருக்கிறது, அடுத்த மோதலைத் தாங்குமா என்று சொல்வது அந்தத் தாளின் வேலையன்று. அடையாள அட்டையில் உள்ள படமும் முகமும் ஒத்துப்போவதால் ஒருவருக்கு இருதய நோய் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

எண்களைச் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. டோட்டல் லாஸ் ஆன காரை அதன் கிராண்டுக்காகவே வாங்கி, அதே மாடலில் திருடிய காருக்கு அந்த எண்களை ஏற்றி விற்கும் கூட்டம் எல்லா நாட்டிலும் உண்டு. நம் ஊரில் அதைக் குளோன் கார் என்பார்கள். அந்த மோசடியைத் தடுக்கவே இச்சோதனை. வெள்ளத்தில் மூழ்கிய காருக்கும் எண்கள் சரியாகவே இருக்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய கார்களை நினைத்துப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை தேடுவது, கம்பளத்தைத் தூக்கி இருக்கைத் தண்டவாளத்தின் துருவைப் பார்ப்பது, ஸ்பேர் டயர் குழியைத் தடவுவது ஆகிய மூன்றுக்கும் பத்து நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாமல், ‘பாஸ்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்து முப்பதாயிரம், நாற்பதாயிரம் வெள்ளியை எண்ணிக் கொடுக்கிறார்கள்.

நீங்கள் கார் வணிகரிடம் வாங்கியிருந்தால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு செல்லலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தனியாரிடம் வாங்கியிருந்தால் அந்த வழி கிடையாது. யாரிடம் வாங்கினீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதியிருக்கலாமே!

கே: என் காரின் எண் தெளிவாக இல்லை. என்ன செய்வது? (செராஸ்)

ப: எந்தக் கார், எந்த ஆண்டு, எந்த எண் என்று மூன்றையும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பதிவு எண் என்றால் புதுத் தகடு மாட்டுங்கள். சேசிஸ் எண் என்றால் கையை வைக்காதீர்கள். துருவை நீக்குவதாக நினைத்துத் தேய்ப்பதும், தெளிவாக இருக்கட்டும் என்று மீண்டும் பொறிப்பதும் நாளை மோசடியாகவே பார்க்கப்படும். கிராண்டோடு நேராக ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

கே: 17 எழுத்துகள் கொண்ட சேசிஸ் எண்ணில் இருப்பது ‘ஓ’வா, சுழியமா? (ஜாலான் ஈப்போ)

ப: சுழியம். ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகள் அதில் வரக் கூடாது. வந்தால் அந்தக் காரை வாங்காதீர்கள்.

கே: ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்) கடையிலிருந்து அதே மாடல் என்ஜினை வாங்கி மாற்றினேன். அதே சிசி என்பதால் சொல்லத் தேவையில்லை என்கிறார் பட்டறைக்காரர். (வங்சா மாஜு)

ப: சிசி ஒன்றாக இருக்கலாம், என்ஜின் எண் வேறு. கடை ரசீதோடு போய் ஜேபிஜேயில் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். இல்லையேல் காரை விற்கும் நாளில் பி5 சோதனையில் மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான், பட்டறைக்காரர் அல்லர்.