நாலாயிரம் ரூபாய்ச் செடி பச்சையாகிவிட்டது: ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: தாம்பரம் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் இருக்கிறேன். இரண்டு வருடமாக அபூர்வமான வீட்டுச் செடிகளைச் சேர்க்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒருவரிடம் மான்ஸ்டெரா ஆல்போ 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தபோது இரண்டு இலை, இரண்டும் பாதி வெள்ளை. மூன்றாவது இலையில் வெள்ளை குறைந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டும் முழுப் பச்சை. இன்னொருவரிடம் 1,800 கொடுத்து வாங்கிய பிலோடென்ட்ரான் வரும்போது இலை முழுக்க ரோஜா நிறம். எட்டே மாதத்தில் அதுவும் பச்சை. இதய வடிவ ஹோயா ஒன்று வைத்திருக்கிறேன், ஒற்றை இலை, இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது. மூன்று பேரிடமும் ஏமாந்துவிட்டேனா? தெரிந்தவர் ஒருவர் பாங்காக்கிலிருந்து பெட்டியில் வைத்து ‘அசல்’ ஆல்போ கொண்டுவந்து தருகிறேன், 9,000 ரூபாய், பைட்டோ சர்ட்டிபிகேட்டும் (தாவர நலச் சான்றிதழ்) உண்டு என்கிறார். வாங்கலாமா?

பதில்: முதல் ஆள் ஏமாற்றவில்லை. இரண்டாவது ஆள் ஏமாற்றிவிட்டார். மூன்றாவது ஆள் இலையைத்தான் விற்றார், நீங்கள் செடி என்று நினைத்து வாங்கிவிட்டீர்கள். நான்காவது ஆளுக்குத் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள்.

ஆல்போவின் கதை கொஞ்சம் விசித்திரமானது. அந்தத் தண்டுக்குள் இரண்டு விதமான திசுக்கள் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்றில் பச்சையம் உண்டு, இன்னொன்றில் கிடையாது. வெள்ளைப் பகுதி அழகாக இருக்கும், ஆனால் ஒரு வேளைச் சாப்பாடுகூடச் சமைக்கத் தெரியாது. பச்சைப் பகுதி சமைத்துப் போடுவதைச் சாப்பிட்டுத்தான் வாழ்கிறது. குருத்து வளரும் நுனியில் எந்தத் திசு கை ஓங்குகிறதோ, அடுத்த இலை அந்த நிறத்தில் வரும். இதை விற்கிறவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ‘கியாரண்டி, மாறவே மாறாது’ என்று யாராவது ஆல்போவுக்கு உத்தரவாதம் கொடுத்தால், அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அவரைச் சந்தேகப்படலாம்.

வெளிச்சம் கூட்டினால் வெள்ளை திரும்பிவிடும் என்று பத்துப் பேர் சொல்வார்கள். வெளிச்சம் செடியைத் தெம்பாக வைக்கும், அவ்வளவுதான். இல்லாத வெள்ளையை உண்டாக்காது. உங்கள் செடிக்கு வேண்டியது கத்தி.

பகல் வெளிச்சத்தில் தொட்டியை ஜன்னலோரம் வைத்து, தண்டை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இலைகளை விடுங்கள், தண்டைப் பாருங்கள். சாக்பீஸால் இழுத்த மாதிரி வெளுத்த கோடு ஒன்று கீழிருந்து மேலே போகும். உங்கள் செடியில் மூன்றாவது இலை வரை அது தெரிய வேண்டும், அதற்கு மேல் மெலிந்து காணாமல் போயிருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்துக்குச் சற்று மேலே துவரம்பருப்பு அளவில் ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் பரு. கோடு அந்தப் பருவின் வழியாகப் போகிற கணு எது என்று பார்த்து, அதற்கு ஒரு விரற்கடை மேலே வெட்டுங்கள். கோடு பருவைத் தொடாமல் ஒதுங்கிப் போனால் ஒரு கணு கீழே இறங்குங்கள். மனசு கேட்காது, தெரியும். ஐந்து இலைச் செடி மூன்று இலையாகும். ஆனால் பச்சை இலைகளை விட்டுவைத்தால், சமைக்கத் தெரிந்த பக்கம் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

இதற்கு நேர் எதிர்ப் பொறியும் ஒன்று உண்டு. முழு வெள்ளை இலை உள்ள கட்டிங்கைத்தான் (வெட்டிய தண்டுத் துண்டு) இன்ஸ்டாகிராமில் அதிக விலைக்கு விற்கிறார்கள். படத்தில் தேவதை மாதிரி இருக்கும். அந்தத் தண்டில் பச்சையே இல்லை என்றால் அது பட்டினி கிடக்கப்போகிற செடி. ஓரம் பழுப்பாகும், கருகும், ஒரு நாள் போய்விடும். அதைவிட, தேமல் மாதிரித் திட்டுத் திட்டாக வெளுத்து, சுருங்கி, நெளிந்த இலையைப் ‘புது வேரிகேஷன்’ (இலையில் இயல்பாக வரும் நிறக்கலப்பு) என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் மொசைக் வைரஸ். மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான் எல்லாம் நம் சேப்பங்கிழங்குக் குடும்பத்துச் செடிகள்தாமே. சேம்பைத் தாக்குகிற மொசைக் வைரஸ் இவற்றையும் விடாது. அசுவினி வழியாகவும் போகும், கத்தி வழியாகவும் போகும். அதனால் வெட்டும் முன் பிளேடை ஸ்பிரிட்டால் துடையுங்கள். சேம்பு, கருணை சொந்தம் என்பதால் அதே நமைச்சலும் உண்டு. இலையைக் கடித்தால் வாய் எரியும். குழந்தை, நாய் எட்டும் உயரத்தில் வைக்காதீர்கள்.

பச்சையாகாத வேரிகேட்டட் மான்ஸ்டெராவே வேண்டும் என்றால் ‘தாய் கான்ஸ்டலேஷன்’ (Thai Constellation) என்ற ரகத்தை வாங்குங்கள். தாய்லாந்து ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் வந்த ரகம். வெள்ளைப் பட்டை இருக்காது, பாலைத் தெளித்த மாதிரி வெளிர்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அந்த நிறம் செடி முழுக்கக் கலந்திருப்பதால் ஆல்போ போலத் திடீரென்று கைவிடாது. ஆய்வகங்கள் தட்டுத் தட்டாக உற்பத்தி செய்ய ஆரம்பித்த பிறகு விலையும் இறங்கிவிட்டது.

அடுத்தது ரோஜா நிறம். உங்களுக்கு வந்தது பிங்க் காங்கோ என்ற பெயரில் விற்கப்படுவது. சாதாரணப் பச்சை பிலோடென்ட்ரானுக்கு ரசாயனம் கொடுத்து, அந்தச் சமயத்தில் விரியும் இலைகளை மட்டும் ரோஜா நிறத்தில் வரவைக்கிறார்கள். மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் சொந்த நிறத்துக்கு வந்துவிடும். ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். உங்களுக்கு எட்டு. கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தை விற்கிறவருக்கும் இவருக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. பிங்க் பிரின்சஸ் என்பது வேறு, அது நிஜம். கரும்பச்சை இலையில் ரோஜா நிறம் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும், ஒரு இலை போல இன்னொன்று இருக்காது. எல்லா இலையும் லிப்ஸ்டிக் பூசினாற்போல ஒரே சீராக இருந்தால் நகர்ந்துவிடுங்கள். சரி, இருக்கிற செடியைத் தூக்கிப் போட வேண்டாம். அது நல்ல ஆரோக்கியமான பச்சைச் செடி, பாவம், அதன் மேல் தப்பில்லை.

ஹோயாவுக்கு வருகிறேன். கரும்பு நட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். கரணையில் பரு இல்லாவிட்டால் எவ்வளவு உரம் போட்டாலும் முளைக்குமா? உங்கள் இதயம் காம்போடு பிய்த்த வெறும் இலை. மண்ணுக்குள் வேர் விட்டிருக்கும், அதனால்தான் வாடாமல் நிற்கிறது. ஆனால் கொடி கிளம்பப் பரு வேண்டும், அது தாய்ச்செடியிலேயே தங்கிவிட்டது. பிப்ரவரி மாதம் காதலர் தினத்துக்கு இந்த ஒற்றை இதயங்களைச் சின்னத் தொட்டியில் அடுக்கி விற்பார்கள். வாங்கியவர் வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தன் கைராசி சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

உடனே கேட்பீர்கள்: ஸ்நேக் பிளான்ட் இலையை வெட்டி வைத்தால் வருகிறதே? வருகிறது. ஜிஜி பிளான்ட்டின் ஒரு சின்ன இலை, பிகோனியா இலை, ரணகள்ளி இலை எல்லாம் வரும். இவை வெறும் இலையிலிருந்தே புதிதாகப் பருவை உண்டாக்கிக்கொள்ளத் தெரிந்த ஜாதி. மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், ஆந்தூரியம், மணி பிளான்ட் அந்த ஜாதி இல்லை. ஆனால் ஸ்நேக் பிளான்ட்டிலும் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. மஞ்சள் ஓரம் போட்ட ரகம் இருக்கிறதல்லவா, அதன் இலையைத் துண்டு போட்டு நட்டால் வருகிற குட்டிகளில் மஞ்சள் ஓரம் இருக்காது. என் தோட்டத்துக்கு வருகிற ஒருவர் ஒரு நல்ல தொட்டியை அழித்து, இலைகளைப் பன்னிரண்டு துண்டாக்கி, ஆறு மாதம் காத்திருந்து, பன்னிரண்டு பச்சைச் செடி எடுத்தார். மஞ்சள் ஓரம் வேண்டும் என்றால் கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரிக்க வேண்டும், வேறு வழியே கிடையாது. அந்தப் பன்னிரண்டில் நான்கு இன்னும் என் வாசலில் நிற்கின்றன. அவர் பார்க்கவே பிடிக்கவில்லை என்று விட்டுப் போனார்.

ஆக, இனி எதை வாங்கினாலும் இலையின் படத்துக்கு மயங்காதீர்கள், கணுவின் படத்தைக் கேளுங்கள். படம்கூட வேண்டாம், பத்து விநாடி வீடியோ. செடிக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய காகிதம் இருக்கட்டும், தண்டைச் சுற்றிக் காட்டட்டும். ‘ரெப்ரசென்டேட்டிவ் இமேஜ்’ (மாதிரிப் படம்) என்று எழுதியிருந்தால் அது அவர் வளர்த்த செடி இல்லை. இந்த இடைத்தரகர்கள் பாதிப் பேருக்கு ஒரு தொட்டிகூடச் சொந்தமாகக் கிடையாது. வேறு இடத்தில் பெட்டி இறங்கும், பிரிப்பார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், மறுநாள் கூரியரில் போடுவார்கள். பயணக் களைப்பு தீராத செடி இரண்டாவது பயணத்தில் அழுகி வந்து சேரும். ‘நீங்கள் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள்’ என்று பதில் வரும்.

புகார் கொடுக்கலாமா என்றால், காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆனால் பில் கொடுக்காமல், ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் வேறு பெயரில் கணக்குத் திறக்கிறவரை எந்த விதி எங்கே போய்த் தேடும்? விதைக்கு 1966-லேயே சட்டம் போட்டார்கள். அலங்காரச் செடித் தொட்டியில் குத்தியிருக்கும் பெயர் சரிதானா என்று வந்து பார்த்த ஒரு அதிகாரியை நான் இத்தனை வருடத்தில் கண்டதில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், பில் கேளுங்கள். பிங்க் காங்கோ விற்றவருக்கு ஒரு கடிதமாவது போடுங்கள்.

பாங்காக் விஷயம். வெளிநாட்டிலிருந்து வளர்க்கும் செடி கொண்டுவர 2003-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும். பைட்டோ என்கிற தாவர நலச் சான்றிதழ் அந்த நாட்டு அரசு தருவது; அது மட்டும் போதாது. இங்கே வந்து இறங்கியதும் பரிசோதனை, அதற்குப் பிறகு தனிமைப்படுத்தி வளர்த்துக் காட்டுவது என்றெல்லாம் இருக்கிறது. மீனம்பாக்கத்தில் இதற்கென்றே நிலையம் உண்டு. ஒரே ஒரு தொட்டி ஆசைப்படுகிற வீட்டுக்காரருக்கு ஏற்ற எளிய வழி எதையும் இந்த ஏற்பாட்டில் யோசிக்கவில்லை. அதனால்தான் துணிக்கு நடுவே சுருட்டி வைத்துக் கொண்டுவருகிற ஆட்கள் பிழைக்கிறார்கள். எனக்கு அந்தப் படிவங்கள் மேல் எரிச்சல் உண்டு, ஆனால் தடையே தப்பு என்று சொல்ல மாட்டேன். 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. பஞ்சு ஒட்டிய மாதிரி மரமே வெளுத்து நின்றது. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஒரு செடியின் கணு இடுக்கில் நாலு பூச்சி முட்டை ஒளிந்து வர எவ்வளவு இடம் வேண்டும்? உங்கள் நண்பரிடம் இறக்குமதி அனுமதி எண்ணை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு திட்டுகிறேனே தவிர, இந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு. வாழைக்குருத்து விரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மான்ஸ்டெராவின் புது இலை புரியும். சாயங்காலம் சுருட்டு மாதிரி இறுக்கமாக இருக்கும், மறுநாள் ஒரு ஓரம் நெகிழ்ந்திருக்கும், தொட்டால் ஈரமான பட்டு. ஆல்போவில் கூடுதலாக ஒரு சுகம், பிரியும்வரை எவ்வளவு வெள்ளை என்று தெரியாது.

வெட்டிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மேலே வெட்டி எடுத்த பச்சைத் துண்டில் கணு இருக்கிறது, தண்ணீரில் போட்டால் வேர் விடும், யாருக்காவது கொடுங்கள். தாய்ச்செடியின் வெட்டுவாய் ஒரு நாள் காயட்டும், நனைக்காதீர்கள். கத்திரி வெயில் நாட்களில் மட்டும் வெட்ட வேண்டாம். தொட்டியில் வெறும் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) இருந்தால் மாற்றுங்கள். அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வேரை அழுகவைக்கும், கழுவாத கோகோபீட்டில் உப்பும் இருக்கும். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, பெர்லைட் என்கிற வெள்ளைக் கல் துணுக்கு, கொஞ்சம் மண்புழு உரம் போதும். போர் தண்ணீர் உப்பென்றால் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் தாராளம், ஹியூமிடிஃபையர் விற்க வருகிறவரை அனுப்பிவிடுங்கள். ஏசி நேராக அடிக்கிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். மேற்கு வெயில் வெள்ளையைப் பொசுக்கும், கிழக்கு ஜன்னல் நல்லது. பரு கிளம்ப மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். முளை வந்ததும் அதன் முதுகில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்னும் ஒரு கணு கீழே.