பெற்றோல் குடிக்கும் கார்: கராஜ்காரரிடம் கேளுங்கள்

கொட்டாஞ்சேனையில் இருபது வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். பெற்றோல் செலவைக் குறைப்பது பற்றி மட்டும் கேளுங்கள். கேட்கும் முன் ஒன்று: டயருக்குக் காற்றுப் பார்த்தீர்களா?

வெள்ளவத்தை: அண்ணா, என் அக்வா ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினும் பற்றரியில் ஓடும் மோட்டரும் உள்ள கார், முன்பு லீற்றருக்கு 22 கிலோமீற்றர் ஓடியது. இப்போது 15 தான். பற்றரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக்.

தங்கச்சி, காசைக் கொடுத்துவிடாதீர்கள். பின் சீற்றின் கீழே பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பற்றரியைக் குளிரவைக்கும் விசிறி அதற்குள்ளால்தான் காற்றை இழுக்கிறது. போன மாதம் ஒரு காரில் அந்த மூடியைக் கழற்றினேன். தூசி, தலைமயிர், பிள்ளை சாப்பிட்ட பிஸ்கட் தூள் எல்லாம் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரே படையாக உரிந்து வந்தது. பற்றரி சூடேறினால் காரின் கணினி அதை அதிகம் பாவிக்க விடாது, எஞ்சின்தான் இழுக்கும். முதலில் அதைத் துப்புரவாக்குங்கள். அப்புறம் ஸ்கேன் பண்ணிப் பாருங்கள்.

காலி வீதி நெரிசலில் நியூட்ரல் போடுகிறீர்களா? ஹைபிரிட் நியூட்ரலில் சார்ஜ் ஆகாது, ஏசி மட்டும் பற்றரியை இறக்கிக்கொண்டிருக்கும். டிரைவிலேயே வைத்து பிறேக்கை மிதித்து நில்லுங்கள்.

தெஹிவளை: அல்டோவுக்கு ஒக்டேன் 95 அடித்தால் கூட ஓடுமா?

ஓடாது. அதற்கு 92 போதும். காரின் கையேடு 95 கேட்டால் மட்டும் 95.

மட்டக்குளி: விடியவே அடித்தால் பெற்றோல் கூடக் கிடைக்குமாமே?

ஷெட்டின் தாங்கி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் பெற்றோலுக்கு விடியலும் மத்தியானமும் ஏறக்குறைய ஒரே சூடுதான். நித்திரை கொள்ளுங்கள்.

பம்பலப்பிட்டி: ஏசியா, கண்ணாடியைத் திறப்பதா?

ஊருக்குள் ஊர்ந்து போகும்போது கண்ணாடியைத் திறந்தால் மிச்சம், பஸ் புகையைத் தாங்குவீர்கள் என்றால். அதிவேகப் பாதையில் மூடிவிட்டு ஏசி போடுங்கள். அங்கே 100 இல் போகிறவருக்குக் காற்று எதிர்ப்பு 80 இல் போகிறவரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஏசியை விட அதுதான் பெற்றோலைத் தின்கிறது.

வத்தளை: கண்டியிலிருந்து வரும்போது கடுகண்ணாவை இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம்தானே?

கூடவே கூடாது. கியரில் இருக்கும்போது அக்சிலறேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. கணினி பெற்றோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் போயே ஆகவேண்டும்.

வத்தளை: எஞ்சின் கத்துகிறதே, எப்படிக் குறையும்?

கத்துவது காற்று, பெற்றோல் இல்லை.

மருதானை: தம்பி, முப்பது வருடமாகப் பழைய நிசான் சனி காரில் நியூட்ரலில்தான் இறக்குகிறேன். மிச்சம் பிடித்துமிருக்கிறேன்.

ஐயா, நீங்கள் சொல்வது பொய்யில்லை. உங்களுடையது காபரேட்டர் வைத்த பழைய எஞ்சின். அதில் இப்படி நிறுத்துவதற்குக் கணினி கிடையாது. ஆனால் பிறேக்? நியூட்ரலில் காரின் முழுப் பாரத்தையும் அதுதான் பிடிக்க வேண்டும். சூட்டில் நீலம் பாய்ந்த டிஸ்க்குகளைக் கழற்றியிருக்கிறேன். பிறேக் ஒயில் கொதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும்.

மருதானை: எனக்கு ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடையுங்கள், ஐயா.

தெமட்டகொடை: பெற்றோல் குழாயில் காந்தம் பூட்டினால்?

விற்கிறவருக்கு லாபம்.

கிருலப்பனை: வேகன்ஆர் லீற்றருக்கு 14 தான் ஓடுகிறது. டயரெல்லாம் சரி.

காற்று எத்தனை?

கிருலப்பனை: பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

கண்ணுக்கு 22 PSI காற்றும் 32 PSI காற்றும் ஒன்றுதான்! டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் எத்தனை அடிக்க வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காலையில், டயர் சூடேறும் முன் அளவுங்கள். 14 என்று டாஷ்போர்டா சொன்னது? தாங்கியை நிரப்பி, ஓடி, அதே ஷெட்டில் மறுபடி நிரப்பி, கிலோமீற்றரை லீற்றரால் வகுத்துப் பாருங்கள். பிறகும் குறைவென்றால், ஓடி முடித்ததும் நான்கு சக்கரத்தின் கிட்டேயும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்த பிறேக் இறுகிக் கிடக்கிறது.

நுகேகொடை: 95 அடித்தால் நல்லதா?

மேலே பாருங்கள்.

மருதானை: சனியைக் கொண்டு வந்தால் பார்ப்பீரா?

நாளைக்கே கொண்டு வாருங்கள், ஐயா. பிறேக் பார்க்கக் காசு வேண்டாம். கியரில் ஓட்டி வாருங்கள்.